பெரிய தோட்டாவும் சிறிய தோட்டாவும்

மனிதனை ஒரே சூட்டில் வீழ்த்தவல்லது ·45 அங்குலத் தோட்டாவா, 9 மில்லிமீட்டர் தோட்டாவா என்னும் விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. கைத்துப்பாக்கி லைசென்ஸ் கோரும் காரைக்கால்வாசிகள் இதன் உண்மையை அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கச் சேனையின் ·38 ரிவால்வர், பாய்ந்து வந்த மோரோ வீரர்களைத் தடுக்கவில்லை என்ற புகார் எழுந்தது. 1904-ல் தாம்ஸன், லாகார்ட் என்னும் இரு அதிகாரிகள் மாடுகள் மீதும் பிரேதங்கள் மீதும் சுட்டுப் பரீக்ஷித்து, ·45-க்குக் குறைந்தது போதாதென்று தீர்ப்புக் கூறினர். 1911-ல் ·45 பிஸ்டலை ஏற்ற அச்சேனை, 1985-ல் 9 மி.மீட்டருக்கு மாறிற்று. 1986-ல் மயாமியில் நடந்த சண்டைக்குப் பின் பெரிய தோட்டாவை நாடிய அமெரிக்க மத்தியப் புலனாய்வினரும், முப்பது ஆண்டுகளில் 9 மி.மீட்டருக்கே திரும்பினர். காரணம் யாது? இருதயம் சிதைந்தவனுங்கூட 10 முதல் 15 விநாடி செயலாற்றக் கூடுமென்று அவர்களே 1989-ல் ஒப்புக்கொண்டனர். மூளையிலோ முதுகுத்தண்டின் மேற்பகுதியிலோ பட்டாலன்றி, எத்தோட்டாவும் ஒருவனை உடனே வீழ்த்துமென்பது நிச்சயமில்லை. ஆகவே, குழாயின் அளவைவிடக் குறியே முக்கியம்.

நம் தேச சரித்திரமும் இதற்குச் சான்று. 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது, பிரௌனிங் பிஸ்டலால். 1948 ஜனவரி 30-ல் மகாத்மாவின் உயிரைப் பறித்த பெரெட்டாவும் சிறு துப்பாக்கியே. இரண்டிலும் பலித்தது நெருக்கமேயன்றித் தோட்டாவின் பருமனன்று.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தால் பிரிட்டிஷார் நம் ஜனங்களை நிராயுதபாணிகளாக்கினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு அச்சட்டம் எட்டவில்லை. 1954 நவம்பர் 1-ல் இவ்வூர் தாய்நாட்டின் நிர்வாகத்தில் சேர்ந்தது. பாரதத்தின் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் ·380, ·455, சேனையின் 9 மி.மீ. தோட்டாக்கள் பாயும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டவை. ·32 லைசென்ஸுக்கு உட்பட்டது. 9 மி.மீட்டரை விட வலிய ·357 மாக்னம் அத்தடைப் பட்டியலில் இல்லை! சர்க்கார் தோட்டா களவாடப்பட்டு வெளியே பயன்படலாகாது என்பதே தடையின் நோக்கம். எத்தோட்டா அதிகம் கொல்லும் என்பதைச் சட்டம் அளக்கவில்லை. தடை செய்யப்பட்டதெல்லாம் வலியது, அனுமதிக்கப்பட்டதெல்லாம் எளியது என்றெண்ணுவோர் இதைக் கவனிப்பாராக.

2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்னும் ·32 ரிவால்வரை 1,22,360 ரூபாய் விலையில் வெளியிட்டது. வயலில் நாற்று நடும் ஏழைப் பெண்ணுக்கு அவ்விலை எட்டுமா? எட்டினும், பழகாத கையிலுள்ள ரிவால்வர் அவளைக் காக்குமா? அவளுக்கு வேண்டுவது விளக்கெரியும் வீதி, புகாரை உடனே பதிவு செய்யும் போலீஸ் ஸ்டேஷன்.

லைசென்ஸ் கோருவோர்க்குப் பயிற்சி வேண்டுமென 2016-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. அப்பயிற்சி காகிதத்தோடு நில்லாமல் மெய்யாகவே நடைபெறச் செய்வது புதுச்சேரி நிர்வாகத்தின் கடமை. பயிற்சியற்றவன் கையில் ·32-ம் ஒன்றே, ·45-ம் ஒன்றே. இரண்டும் அண்டை வீட்டாருக்கே ஆபத்து.