கப்பலில் முள்கரண்டி பிடிப்பது எப்படி?

எங்களில் இருவருக்கு ஆயக்குடி சொந்த ஊர். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கொய்யாவுக்குப் பெயர்போன ஊர் அது. எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைப் பார்க்கப் பல மணி நேரம் பயணம் செய்தாக வேண்டும். அந்த ஊரிலிருந்து பதினான்கு பேர் உல்லாசக் கப்பலில் போகவிருக்கிறார்கள். பெரும்பாலோர் தோப்புக்காரர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் உடன் செல்கிறார்கள். சென்னையில் ஏறி, சில நாட்கள் கடலில் இருந்துவிட்டுத் திரும்புவது திட்டம். பயண முகவர் அவர்களுக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். தலைப்பு, ‘கப்பல் நாகரிகம்’. தலைமையாசிரியர் அதை எங்களிடம் நீட்டி, “இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க தம்பி. நம்மளைப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டு எழுதியிருக்காங்கன்னு தெரியல” என்றார்.

படித்தோம். இக்கட்டுரை அதன் விளைவு.

தாளில் இருபத்தேழு அறிவுரைகள். இரவு உணவுக்கு வேட்டியோ லுங்கியோ அணிந்து வரக் கூடாது. கையால் உண்பதைத் தவிர்க்க வேண்டும். முள்கரண்டி இடக்கையில், கத்தி வலக்கையில். சூப் அருந்தும்போது ஒலி எழக் கூடாது. பணியாளர்களிடம் அளவுக்கு மீறிப் பேசக் கூடாது. இவற்றுக்கு நடுவே வேறு குரலில் சில வரிகள்: உணவுக்கும் சேர்த்தே பணம் கட்டியிருப்பதால் எல்லா வேளையும் எல்லா உணவகங்களையும் ‘முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவும்’, நீச்சல்குளத்தருகே சாய்வு நாற்காலிகள் குறைவு என்பதால் அதிகாலையிலேயே துண்டைப் போட்டு இடம்பிடித்துக்கொள்ளவும். பேருந்து சன்னல் வழியே துண்டை வீசி இடம்பிடிக்கும் நம் பரம்பரைக் கலைக்குக் கடலிலும் வாழ்வு கிடைத்துவிட்டது! (இது நமக்கு மட்டும் உரிய கலையன்று. ஐரோப்பியப் பயணிகளிடையே இதற்காகச் சண்டையே நடப்பதுண்டு. ஆளில்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் கிடக்கும் துண்டைப் பணியாளரே எடுத்துவிடலாம் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன.)

இருபத்தேழில் ஒன்றுகூட ஆபத்துக்காலப் பயிற்சியைப் பற்றியதன்று. கை கழுவுவதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கப்பலில் உழைப்பவர்கள் இரண்டே இடங்களில் தலைகாட்டுகிறார்கள். ஒன்றில் அவர்களோடு பேசாதே என்கிறது தாள். இன்னொன்றில் அவர்களுக்கு ‘டிப்ஸ்’ கொடுக்காமல் தப்பிக்கும் வழியைச் சொல்லித்தருகிறது.

ஒரு முகவரின் தாளை வைத்துக்கொண்டு இத்தனை கோபம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். இத்தாள் தனியொருவரின் கைவண்ணமாக எங்களுக்குத் தோன்றவில்லை. தமிழில் பயணக் குறிப்பு என்ற பெயரில் எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு குரல்களில்தான் பேசுகிறது. ஒரு குரல், ‘உன்னைப் பார்த்து வெள்ளைக்காரன் சிரித்துவிடுவான்’ என்கிறது. மற்றது, ‘கொடுத்த காசுக்கு ஒரு பருக்கை விடாதே’ என்கிறது. முதலாவது கூச்சம், இரண்டாவது பேராசை. இவை இரண்டையும் நாகரிகம் என்று அழைப்பதைத்தான் நாங்கள் மறுக்கிறோம். ஒரே இரும்புக் கூட்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக இருக்க நேரும்போது, ஒருவர் உயிருக்கும் உறக்கத்துக்கும் மற்றவர் எந்த அளவில் பொறுப்பாகிறார் என்பதே கப்பல் நாகரிகம். முள்கரண்டிக்கு அதில் இடமே கிடையாது.

கப்பல் நமக்குப் புதிது என்ற பாவனையே தவறு. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பலை அனுப்பிவைத்தபோது, தமிழன் அன்றுதான் முதன்முதலாகக் கப்பலேறியது போல எழுதினார்கள். அந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது எழுந்த சூதாட்ட, பண்பாட்டு விவாதங்களுக்குள் இங்கே போகவில்லை. அது வேறு கதை. ஆனால் அதே சென்னையிலிருந்து ‘ரஜூலா’ என்ற கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்று வந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 1926இல் கட்டப்பட்டது, 1974இல் உடைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வர இயலாது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஏறிய பின் ஒரு பாய் விரிக்கும் இடமே ஒருவருக்குச் சொந்தம், டிரங்குப் பெட்டியே எல்லைக்கல். ஏறத்தாழ ஒரு வாரம் அப்படியே போக வேண்டும். பக்கத்துப் பாய்க்காரர் வாந்தியெடுத்தால் கழுவிவிட வேண்டும், குழந்தை அழுதால் மாறி மாறித் தூக்க வேண்டும், குழாயடியில் வரிசையை மதிக்க வேண்டும். இவற்றை யாரும் அச்சடித்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தைப் பொன்னுலகமாக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. டெக் பயணிகள் அவமதிக்கப்பட்டார்கள். பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் அடைத்து வைக்கப்பட்டார்கள். தோட்டங்களை நோக்கிப் போன கூலிகளுக்கு அது உல்லாசப் பயணம் அன்று. ‘ரஜூலா’வுக்குப் பின் அதே வழியில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். கப்பலில் தீ என்றால் என்ன என்பதை அறிந்த சமூகம் நாம். அப்படிப்பட்ட சமூகத்தில் அச்சாகும் ஒரு தாளில் தீயைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனவே தீயிலிருந்தே தொடங்குகிறோம். நம் ஊர்ப் பெட்டிகளில் கற்பூரம், ஊதுவத்தி, தீப்பெட்டி, சின்ன விளக்கு இருக்கும். வெந்நீர் வைக்கும் மின்கம்பி, இஸ்திரிப் பெட்டி இருக்கும். இவை எதையும் கப்பல் அறையில் பயன்படுத்த அனுமதி இல்லை. ஏறும்போதே சோதித்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். மனம் புண்படத் தேவையில்லை. வழிபாட்டுக்குத் திருநீறு போதும். பீடி சிகரெட் பிடிப்பவர்கள் குறித்த இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டும், துண்டைக் கடலை நோக்கிச் சுண்டக் கூடாது. காற்று அதைத் திருப்பிக் கீழ்த்தளத்து மாடத்தில் கொண்டு போட்டுவிடும். 2006 மார்ச்சில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலில், அணையாமல் எறியப்பட்ட சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை முடிவுசெய்த தீ, மாடம் மாடமாகத் தாவி நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைப் பாழாக்கியது. ஒருவர் இறந்தார்.

அடுத்தது, தாள் மறந்தே போன பயிற்சி. ஏழு குறுகிய ஒலி, அதன்பின் ஒரு நீண்ட ஒலி: இது கேட்டால் குடித்துக்கொண்டிருக்கும் காப்பியை வைத்துவிட்டு உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். கூடுமிடம் எது என்பது உங்கள் அட்டையிலும் அறைக் கதவிலும் எழுதியிருக்கும். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று அறைக்குள் நுழைந்தவுடன் பார்த்துவிட வேண்டும். அறையிலிருந்து கூடுமிடத்துக்குப் படி வழியாக ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. ஆபத்தில் மின்தூக்கி உதவாது. சில கப்பல்களில் இப்போது காணொளியைப் பார்த்துவிட்டுக் கூடுமிடத்தில் போய்ப் பதிந்துகொண்டாலே போதும் என்று எளிதாக்கிவிட்டார்கள். எளிதாக்கியதனாலேயே அதை யாரோ ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு. பாட்டியும் பார்க்க வேண்டும்.

2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியக் கடலோரத்தில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. நான்காயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். 32 பேர் இறந்தனர். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சியே நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அக்கால விதி இருந்தது. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அது 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, நாம் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. பயிற்சியின்போது செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அடுத்தவர் காதையும் மறைப்பவரைக் காட்டிலும், சூப்பை உறிஞ்சிக் குடிப்பவர் எவ்வளவோ நாகரிகமானவர்.

பழனியில் ரோப் கார் வந்த 2004 முதல் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்று பழகியிருக்கிறார்கள். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். முணுமுணுப்பு எழும், ‘டிக்கெட் எடுத்தாச்சே’ என்று சிலர் வாதாடுவார்கள், ஆனால் பெரும்பாலோர் அண்ணாந்து கம்பியைப் பார்த்துவிட்டுப் படியை நோக்கி நடப்பார்கள். அந்தப் பார்வை போதும் கப்பலுக்கு.

கையால் உண்பது பற்றியும் சொல்லிவிடுகிறோம். தாராளமாக உண்ணலாம். தோசையை முள்கரண்டியால் குத்துவது தோசைக்கும் அழகன்று, நமக்கும் அழகன்று. ஆனால் அதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கத்தி, முள்கரண்டி பிடிப்பவரும் கழுவ வேண்டும், ஏனெனில் பொதுப் பாத்திரத்தின் அகப்பையை எல்லோரும் தொடுகிறார்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினித் திரவத்துக்கு அவ்வளவாக மசிவதில்லை. சோப்பும் ஓடும் நீரும்தான் வழி. வயிறு சரியில்லையென்றால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறையில் அடைத்துவிடுவார்களே என்று பயந்து உணவுக்கூடத்துக்கு வருபவர், கட்டிய பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள நூறு பேரின் பயணத்தைக் கெடுக்கிறார். தட்டில் மலைபோல் குவித்துப் பாதியை விட்டெழுவதைப் பற்றி விரிவாக எழுத நினைத்தோம். திருமண வீடுகளில் பார்த்ததுதான். விட்டுவிடுகிறோம்.

உழைப்பவர்கள் விஷயத்தை விட முடியாது. கடல்தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. தொழிலாளரைக் காக்க வந்த அந்த உடன்படிக்கையே ஒரு வாரத்தில் 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. காப்பு இவ்வளவு என்றால் வழக்கம் எவ்வளவு என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். உங்கள் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுத் துண்டில் யானை செய்து வைத்துப் போகிறவர், நீர்மட்டத்துக்குக் கீழே சன்னலில்லாத அறையில் இன்னொருவரோடு படுத்துறங்குகிறவராக இருக்கக்கூடும். 2020 பிப்ரவரியில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ ஜப்பானின் யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்டபோது, பயணிகள் அறைக்குள் இருத்தப்பட்டார்கள். பணியாளர்கள் உணவைச் சுமந்துகொண்டு கதவு கதவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரவில் பகிர்ந்த அறைகளுக்குத் திரும்பினார்கள். கப்பலில் இருந்த 3,711 பேரில் எழுநூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. பணியாளர்களில் நூற்றுக்கும் அதிகமானோர் இந்தியர்கள். தமிழ் பேசுபவரும் அவர்களுள் இருந்தார்.

‘பேசாதே’ என்று தாள் சொல்வது இவர்களிடம்தான். நாங்கள் சொல்வது: பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், சட்டையிலேயே எழுதியிருக்கும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். ‘டேய்’ வேண்டாம், அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் வேண்டவே வேண்டாம். பல நிறுவனங்கள் பணிக்கொடையை நாள்கணக்கில் கணக்கிட்டுக் கடைசிப் பட்டியலில் சேர்த்துவிடும். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு அதைப் பயணச் செலவோடு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கவுண்டரில் நின்று அதை நீக்கச் சொல்லி வாதிடுவது சாமர்த்தியம் அன்று.

எங்களை மறுப்பவர் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: ‘பிறர் வீட்டுக்குப் போனால் அவர் முறைப்படிதானே நடக்க வேண்டும்? உடை விதி இருந்தால் மதிப்பதில் என்ன கேவலம்?’ கேவலம் ஒன்றுமில்லை. ஏதேனும் ஓர் உணவகத்தில் உடை விதி இருந்தால் மதிப்போம், பிடிக்காவிட்டால் வேறு உணவகத்துக்குப் போவோம். ஆனால் வீட்டுக்காரர் சொல்லாத விதியைத் தரகர் கற்பனையில் சொல்லி நம்மைக் கூனச் செய்வது வேறு. அந்த வேட்டி விதி அவர்கள் போகும் கப்பலின் விதிகளில் இல்லை. தலைமையாசிரியரோடு உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. அறைகளுக்கிடையே மெல்லிய சுவர்தான். நள்ளிரவில் நடைவழியில் நின்று உறவுமுறை பேசக் கூடாது. செல்பேசியில் பாட்டைத் திறந்துவிடக் கூடாது. ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போதுதான் தோன்றியது. பக்கத்து அறையில் யாராவது சத்தமாகப் பாட்டு வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்!

தாளின் பின்பக்கத்தில் மிச்சத்தைக் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். மருந்து, அடையாள அட்டை, ஒருநாள் மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும். செல்பேசியை விமான நிலையில் போடுங்கள், கடல் நடுவே கிடைக்கும் இணைப்பின் கட்டணம் தலையைச் சுற்றவைக்கும். தலை சுற்றினால் தொடுவானத்தைப் பாருங்கள், புத்தகத்தைப் பார்க்காதீர்கள் (இலக்கியவாதிகள் மன்னிக்க). அறையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். கரையிறங்கும் ஊரில் திரும்பிவரச் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள், கப்பல் காத்திராது.

எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்கள். ஒன்றில்தான் தகராறு. ஆளுக்கொரு கூடை கொய்யா கொண்டுபோய்க் கப்பலில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதாக இருந்திருக்கிறார்கள். வெளி உணவைப் பல கப்பல்கள் ஏற்பதில்லை, தாவர நோய்த் தடுப்பு விதிகளால் பல நாடுகள் பச்சைப் பழங்களைக் கரையிறக்க விடுவதுமில்லை என்று விளக்கினோம். “அப்ப வெறுங்கையோடயா போறது?” என்று தலைமையாசிரியரின் மனைவி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கூடைகளைச் சென்னையில் உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாக முடிவாயிற்று.