நத்தாரன்றும் ஷட்டர் திறந்திருக்கு



போன மாதக் கூட்டத்தில் ஒரு சுவரொட்டிக்கு நாங்கள் எல்லாரும் கை உயர்த்தினோம். "இந்த முறை எளிமையான நத்தார்." புதுப் பொருள் வாங்கக் கூடாது, பரிசு குடுக்கிறதெண்டால் கையால் செய்து குடுக்க வேண்டும், சாப்பாடு வீட்டில் சமைத்தது, சுற்றுகிற தாள் பழைய பேப்பர். நல்ல சுவரொட்டி. பச்சை நிறம் கொஞ்சம் கூடிப்போச்சு, மற்றபடி குறை இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து ரயிலில் வரும்போது ஒரு கேள்வி மனசுக்குள் வந்து குந்திவிட்டது. இதை எங்கட கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லிக் குடுத்தால் அப்பா என்ன சொல்லுவார்?

எங்கட கடை தெற்கு லண்டனில் ஒரு மூலைக் கடை. போன நத்தாரன்று காலை 7 மணியிலிருந்து டில்லில் நின்றது நான். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா, அன்றைக்கு அவவுக்கு ஷிவ்ட். லண்டனில் 25ஆம் திகதி பஸ்ஸும் ஓடாது, ட்யூபும் ஓடாது. அதனால் அப்பா விடிய எழும்பி அம்மாவையும் அவவோடு வேலை செய்கிற இன்னொரு அன்ரியையும் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நேரே கடைக்கு வந்தார். முதல் நாள் இரவு நள்ளிரவுப் பூசை. மூன்று பேருக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் பத்து மணித்தியால நித்திரை வராது.

அன்றைக்கு என்ன விற்றது தெரியுமா? பால், சிகரெட், வைன், கோழி மூடுகிற அலுமினியத் தாள். எல்லாத்தையும் விட அதிகம் பற்றரி. விடியப் பெட்டியை உடைத்து விளையாட்டுச் சாமானை வெளியே எடுத்த பிறகுதான் அதற்குள் பற்றரி இல்லை என்று தெரியுது. பைஜாமாவுக்கு மேலே கோட் போட்டுக்கொண்டு அப்பாமார் ஓடி வருகினம். 11 மணிக்குள் சின்னப் பற்றரி முடிந்துபோச்சு.

எங்கட சுவரொட்டி இந்த அப்பாமாரோடு மட்டும்தான் பேசுது. "வாங்காதே" என்று வாங்குகிறவருக்குச் சொல்லுது. டில்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த எங்களில் எத்தனை பேர் கடைக்காரப் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கோ.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு சட்டம் இருக்கு: 2004ஆம் ஆண்டின் நத்தார் நாள் வியாபாரச் சட்டம். 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடை நத்தாரன்று திறக்கக் கூடாது. இது அரசாங்கத்துக்குத் தானாக வந்த நல்ல புத்தி அல்ல. கடைத் தொழிலாளர் சங்கமான உஸ்டோ கேட்டுக் கேட்டு, ஒரு தொழிற்கட்சி எம்பி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறினது. அதற்கு முதல், நத்தார் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மட்டும்தான் பெரிய கடைகளுக்குத் தடை. மற்ற வருஷங்களில் முதலாளி விரும்பினால் திறக்கலாம். இன்றைக்கு எந்தப் பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் 25ஆம் திகதி கதவு பூட்டியிருக்கும். அதைப் பார்த்து ஒருவருக்கும் கோபம் வருவதில்லை. முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

எங்கட கடை 280 சதுர மீற்றரில் கால்வாசியும் வராது. அதனால் சட்டம் எங்களைத் தொடாது. பெரிய கடை பூட்டுகிற நாள் என்பதால்தான் அப்பா அன்றைக்குத் திறக்கிறார். மற்ற நாட்களில் அவங்களோடு விலையில் போட்டி போட முடியாதவருக்கு, அது போட்டியில்லாத நாள். ஒரு தொழிலாளருக்குக் கிடைத்த ஓய்வு இன்னொரு குடும்பத்துக்கு வேலைநாளாக மாறியிருக்கு. சின்னக் கடை என்றால் குடும்பமே நின்று செய்யும், அது வேலைக் கணக்கில் வராது என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நாங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். எனக்குப் பதினொரு வயதிலிருந்து நத்தார் என்றால் கடை.

சரி, பூட்டுவமே என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பூட்டலாம் மகள். வாடகையை ஆர் கட்டுறது, உங்கட தோழர்மாரோ?"

இதற்கு நான் பதில் வைத்திருந்தேன். அரை நாள் வியாபாரத்தில் எவ்வளவு லாபம், மின்சாரச் செலவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அந்த மீற்றர்க்காரப் பொம்பிளையை மறந்திட்டியோ?" என்று கேட்டார்.

மறக்கவில்லை. போன நத்தாரன்று 9 மணிபோல ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தா. கையில் காஸ் கார்ட். முற்பணம் கட்டுகிற மீற்றர் உள்ள வீடுகளுக்கு எங்களைப் போன்ற மூலைக் கடைதான் காசு போடுகிற இடம். 10 பவுண் போடச் சொன்னா. எண்ணிப் பார்த்தால் 8 பவுண் சொச்சம்தான் இருந்தது. அப்பா மிச்சத்தைத் தானே போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சொக்லேட் குடுத்தார். காசு இருக்கிற வீட்டுக்காரர் மாதக் கடைசியில் பில் கட்டுகிறார்கள். காசு இல்லாத வீட்டுக்காரர் அடுப்பு மூட்டுவதற்கு முதலே கட்ட வேண்டும், அதுவும் குளிருக்குள் நடந்து வந்து. "நாங்கள் பூட்டியிருந்தா அவ எங்க போயிருப்பா?" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அன்றைக்கு எங்கட கடையில் நடந்த ஒரே நத்தார் அதுதான் என்று இப்பவும் நினைக்கிறேன்.

வியாபாரம் கெட்டது, எளிமை நல்லது என்று ஒரே கோட்டில் பிரிக்க எனக்கு வராதது இதனால்தான். சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கரோல்' கதையை எடுங்கோ. 1843இல் வந்தது. கருமி ஸ்குரூஜ் திருந்தின கதை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பேய்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு வாசித்தால், அதன் தொடக்கத்தில் இருப்பது ஒரு விடுமுறைத் தகராறு. குமாஸ்தா பொப் கிரச்சிட்டுக்கு நத்தாருக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளமா என்று முதலாளி புறுபுறுக்கிறார், அடுத்த நாள் இன்னும் வெள்ளென வரச் சொல்லி விடுகிறார். கதை முடியும்போது அந்தச் சம்பளம் கூடுது. ரீவி விளம்பரக்காரர் இதில் பனியையும் வான்கோழியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே 1843இல்தான் ஹென்றி கோல் என்பவர் லண்டனில் நத்தார் கார்டு அச்சடித்து ஒரு ஷில்லிங்குக்கு விற்கத் தொடங்கினார் என்பதும் ஒரு வேடிக்கை. சம்பளத்தோடு லீவு என்ற பேச்சும் கார்டு வியாபாரமும் ஒரே ஊரில், ஒரே வருஷத்தில். எங்களுக்குக் கார்டுதான் மிஞ்சினது.

இன்றைக்கும் பிரித்தானியாவில் பொது விடுமுறை நாளில் வேலை செய்தால் கூடச் சம்பளம் குடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அன்றைக்கு லீவு தரவேண்டும் என்றும் இல்லை. எல்லாம் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு என்பதைப் பொறுத்தது. அம்மாவின் ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதியில்லை. 25ஆம் திகதி கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, தலையில் கடுதாசித் தொப்பி வைத்துவிட்டு வருகிறா, செவ்வாய்க்கிழமைச் சம்பளத்துக்கு.

"வீட்டில் செய்தது" என்ற வரியும் எனக்கு இடிக்குது. எங்கட வீட்டில் நத்தார் கேக் என்றால் ரவை, கஜு, பூசணி அல்வா, பிறண்டியில் ஊறவிட்ட முந்திரிகை வத்தல், ஒரு வாளி முட்டை மஞ்சட்கரு. ஒரு கிழமை வேலை. பிறகு பயத்தம் பணியாரம், முறுக்கு. அதையெல்லாம் ஆர் செய்கிறது? ஷிவ்ட் முடித்து வந்த அம்மா, இரவு 10 மணிக்கு, நின்றபடி. கடையில் வாங்காமல் வீட்டில் செய்யுங்கோ என்று நாங்கள் போஸ்டர் ஒட்டினால் அந்தச் சுமை நேரே ஒரு பெண்ணின் தலையில்தான் போய் இறங்கும். போன வருஷம் நான் கேக்குக்கு முந்திரிகை வத்தல் வெட்டினது மொத்தம் 40 நிமிஷம். தம்பி அதுவும் இல்லை.

அம்மாவிடமும் கேட்டேன், ஊரில் நத்தார் எளிமையாகத்தானே இருந்தது என்று. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் அவையள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, அந்த நத்தாரைச் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கழித்தவை. மேசைக்குக் கீழே பாலன் குடில், சவுக்கங் கிளை ஒன்று, ஜாம் போத்தல் விளக்கு. எனக்கு அது அழகான படம் மாதிரி இருந்தது.

"எளிமையோ?" என்று சிரித்தா அம்மா. "ஒரு துண்டு கேக் கிடைச்சிருந்தா நாங்கள் அண்டைக்கு அடிபட்டுத் திண்டிருப்பம்."

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதற்கு முந்தின நத்தார்களைப் பற்றிச் சொன்னா. பலகாரத் தட்டு பக்கத்துச் சைவ வீடுகளுக்குப் போகும், தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் தருவினம். பொங்கலுக்கு அங்கிருந்து இங்கே வரும். கரோல் கோஷ்டி மேளத்தோடு வீடு வீடாகப் போகும். "எல்லா வீட்டுக்குமோ?" என்று கேட்டேன். இல்லை. எந்த ஒழுங்கைக்குள் போறது, எதற்குள் போகாமல் திரும்புறது என்று ஆரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் பாலன் பிறந்தவர்தான். ஊரின் எளிமையான நத்தாரை நாங்கள் புலம்பெயர் நாட்டில் ஏக்கத்தோடு திருப்பிச் செய்யப் பார்க்கும்போது, அந்த ஒழுங்கையையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அடுத்த நாள் 26. இங்கே அது பொக்சிங் டே சேல். பெரிய கடைகளில் வேலை செய்கிறவர்கள் விடியவே போய்த் தட்டு அடுக்க வேண்டும். அன்றைக்கும் பெரிய கடைகளைப் பூட்ட வேண்டும் என்று உஸ்டோ பல வருஷமாகக் கேட்டு வருது. எங்கட வீட்டில் 26 சேல் நாள் இல்லை. 2004இல் முல்லைத்தீவிலும் கிழக்குக் கரையிலும் கடல் வந்த நாள். அம்மா மெழுகுதிரி கொளுத்திவிட்டு வேலைக்குப் போவா. அந்தக் கோரிக்கையில் நாங்கள் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்லைனில் வாங்குவது பற்றியும் ஒரு சொல். 2023 நவம்பர் 24, பிளாக் பிரைடே அன்று, கொவென்ட்ரி அமேசன் களஞ்சியத்தில் ஜிஎம்பி சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருஷம் சங்க அங்கீகாரத்துக்கான வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றார்கள். அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்களுக்கு நாங்கள் ஒரு தேத்தண்ணிப் போத்தலும் கொண்டுபோகவில்லை. "அமேசனில் வாங்காதே" என்று மூன்று பதிவு போட்டோம்.

சுவரொட்டியைக் கிழிக்கச் சொல்லவில்லை. குறைய வாங்குவம், நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் நான் வைக்கப்போகிற முன்மொழிவு வேறு: ஆருடைய நேரத்தை விடுவிக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவம். கடை உள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் வீட்டில் கதைப்பம். பூட்ட முடிந்தவர்கள் பூட்டட்டும், முடியாதவர்கள் அரை நாள். பலகாரம் சுடுகிற சட்டிக்கு முன்னால் பெடியங்கள் நிற்கட்டும், கருகினால் கருகட்டும். பொக்சிங் டே கோரிக்கையில் அமைப்பாகக் கையெழுத்து வைப்பம்.

அப்பா இந்த முறை 12 மணிக்கு ஷட்டர் இழுக்கச் சம்மதித்திருக்கிறார். ஒரு கடுதாசி மட்டையில் மார்க்கர் பேனையால் தானே எழுதியும் வைத்துவிட்டார்: 12க்குப் பிறகு பூட்டு, மீற்றரில் காசு முடிந்துபோனால் இந்த நம்பருக்கு அடியுங்கோ, வந்து திறந்து விடுறன். கீழே அவருடைய போன் நம்பர்.

இன்னொன்று. அம்மாவுக்கு இந்த வருஷமும் 25 காலை ஷிவ்ட். அவவோடு வேலை செய்கிறவர்களில் இன்னும் ஐந்து பேருக்கு அன்றைக்குப் போக வழியில்லை, டாக்ஸிக்குக் குடுத்தால் அரை நாள் சம்பளம் போயிடும். விடிய 6 மணிக்கு ஒரு தரம், பின்னேரம் 3 மணிக்கு ஒரு தரம் ஏற்றி இறக்க வேண்டும். நான் ஒரு கார் ஓட்டுறன். லைசன்ஸ் உள்ள இன்னும் இரண்டு பேர் தேவை. இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கோ.