ஆலங்கட்டி கரைவதற்குள்

சித்திரை பிறந்துவிட்டால் கொல்கத்தாவாசிகளின் கண் மாலை நாலு மணிக்கு மேல் வடமேற்கு வானத்தில்தான் இருக்கும். சோட்டா நாக்பூர் பீடபூமிப் பக்கம் திரண்ட மேகம் மை பூசினாற்போல் கறுத்து வரும். முதலில் புழுதிக் காற்று, பிறகு இடி, சில நாட்களில் 'ஷில்' என்று வங்காளிகள் சொல்லும் ஆலங்கட்டி. தமிழர்களின் சித்திரைதான் அவர்களுக்கு பைசாக் மாதம். அந்த மாதத்தின் எமன் என்ற பொருளில் இந்தப் புயலுக்கு 'கால்பைசாகி' என்று பெயர். வெக்கை தணிந்தது என்று ஊரே பெருமூச்சு விடும்போது, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டவர் மட்டும் அண்ணாந்து ஓட்டையை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆலங்கட்டியை விளையாட்டாக நினைப்பதற்கில்லை. 1888 ஏப்ரல் 30-ல் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் அருகே விழுந்த கல்மழை 246 பேரைக் கொன்றது. ஆலங்கட்டிச் சாவுகளில் உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருக்கும் மிகப் பெரிய எண்ணிக்கை இதுதான். 1986 ஏப்ரலில் பங்களாதேஷின் கோபால்கஞ்சில் ஒரு கிலோவுக்கும் சற்று அதிக எடையுள்ள கட்டி விழுந்தது. கொல்கத்தாவில் அவ்வளவு பெரிய கட்டி வேண்டாம். கல்நார் ஓட்டைத் துளைக்கவும் சோலார் பேனல் கண்ணாடியை நொறுக்கவும் எலுமிச்சம்பழ அளவே போதும்.

இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் உண்டா? உண்டு. பலர் கையில் அது ஏற்கெனவே இருக்கிறது, அவர்களுக்குத்தான் தெரியவில்லை. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டில் ஒரு பாலிசியும் இருந்திருக்கும். 'தீ இன்ஷூரன்ஸ்' என்ற பழைய பெயரே ஆளை ஏமாற்றிவிடுகிறது. வீடு எரிந்தால்தானே பணம் என்று பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் ஏராளம். 2020 மே 20-ல் அம்பான் புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நகரை உலுக்கியதே, அதுபோன்ற புயலும் வெள்ளமும் அதே பாலிசியில் அடங்கும்.

2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாமே 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. நிலநடுக்கம், வெள்ளம், நிலச்சரிவு, மின்னல், சூறாவளி, புயல் எல்லாம் அதில் உண்டு. வீட்டுடன் நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல், சுற்றுச்சுவர் எல்லாம் 'வீடு' என்ற சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

கவனம் தேவைப்படுவது ஒரு வார்த்தையில். ஆபத்துகளின் பட்டியலில் புயலும் சூறாவளியும் பெயர் சொல்லி இருக்கின்றன. ஆலங்கட்டி என்ற சொல்லை எல்லா பாலிசியிலும் தனியாகத் தேடினால் கிடைக்காது. கல்மழை புயலோடுதான் வருகிறது. எனவே க்ளெய்ம் படிவத்தில் 'கூரை உடைந்துவிட்டது' என்று மொட்டையாக எழுதுவது தப்பு. 'இன்ன தேதி, மாலை இத்தனை மணிக்கு வீசிய புயற்காற்றிலும் உடன் விழுந்த ஆலங்கட்டியிலும்' என்று எழுத வேண்டும். அன்றைய புயலுக்கு அலிப்பூர் வானிலை மையத்தின் பதிவும், மறுநாள் பேப்பரில் வந்த செய்தியும் சாட்சி. இரண்டையும் கோப்பில் சேர்ப்பது நல்லது.

முதல் சாட்சி என்னவோ பத்து நிமிடத்தில் கரைந்து ஓடிவிடும். மழை விட்டதும் கீழே கிடக்கும் கட்டியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ ஸ்கேலையோ வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கூரை: தூரத்திலிருந்து ஒன்று, ஒவ்வொரு ஓட்டைக்கும் கிட்டத்தில் ஒன்று. உள்ளே ஒழுகிய சுவர், நனைந்த மெத்தை, டி.வி. எதையும் விட வேண்டாம். அதற்கப்புறம் தார்ப்பாய் போட்டு மூடலாம். மூடாமல் விட்டால்தான் வம்பு. மேலும் சேதம் ஆகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை. தார்ப்பாய் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உடைந்த ஓடுகளைப் பழைய சாமான்காரரிடம் போடும் அவசரம் மட்டும் கூடவே கூடாது. சர்வேயர் வந்து பார்க்கும்வரை அவை மாடியிலேயே கிடக்கட்டும்.

நிறுவனத்துக்கு அன்றைக்கே தகவல் போக வேண்டும். போனில் சொன்னாலும் ஈமெயிலிலோ கடிதத்திலோ ஒரு வரி அனுப்பிவைப்பது புத்திசாலித்தனம். படிவத்தைச் சேதம் தெரிந்த 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஊரில் இல்லாததால் தாமதமானவர்கள் கைவிட வேண்டியதில்லை. தாமதம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நியாயமான க்ளெய்மை இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

அடுத்து சர்வேயர். அவருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். பாலிசிதாரர் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. அவர் மாடியேறும்போது கொத்தனாரையோ கூரை போட்ட மிஸ்திரியையோ கூட வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எஸ்டிமேட்டில் 'கூரை பழுது, ஒரு லட்சம்' என்று ஒரே வரியில் எழுதினால் எடுபடாது. எத்தனை சதுர அடி, எத்தனை ஷீட், ஒன்று என்ன விலை, ஆள்கூலி எவ்வளவு என்று பிரித்திருக்க வேண்டும். தகர ஷீட்டு இருந்த இடத்தில் காங்கிரீட் போட இதுதான் சமயம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. முன்பு இருந்த நிலைக்குக் கொண்டுவரத்தான் பணம் கிடைக்கும்.

வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே 'கொடி-பர்கா' என்ற உத்தரமும் சட்டமும் வைத்து, மேலே சுண்ணாம்புத் தளம் போட்ட கூரைகள். கல்மழையில் அவை உடையாது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் புயலன்று ஒழுகும். 'இது புயல் சேதம் அல்ல, பல வருஷத் தேய்மானம்' என்று சர்வேயர் எழுதுவது இங்கேதான். அவர் சொல்வதில் பல நேரம் நியாயமும் இருக்கும். அதை மறுக்க ஒரே வழி, புயலுக்கு முன்பு கூரை நன்றாக இருந்ததற்கான ஆதாரம்: கடைசியாகத் தளம் பூசிய ரசீது, பழைய புகைப்படம். மாடியில் நடந்த கல்யாண நலங்குப் படத்தில் பின்னணியாக விழுந்த கூரைகூட உதவும்.

மொட்டை மாடியில் பிறகு கட்டிய அறைக்கு ஒரு எச்சரிக்கை. பாலிசி தொடங்கியபோதோ புதுப்பித்தபோதோ இருந்த பரப்பளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கட்டியிருந்தால், அதைச் சொல்லிக் கூடுதல் பிரிமியம் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பகுதிக்கு நஷ்டஈடு இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரை எல்லோருக்கும் பொது. அதற்குக் குடியிருப்போர் சங்கம்தான் பாலிசி எடுக்க வேண்டும்.

தொகையில் ஒரு நல்ல செய்தி உண்டு. முன்பெல்லாம் 20 லட்சம் பெறும் கட்டடத்தை 10 லட்சத்துக்கு இன்ஷூர் செய்தவருக்கு ஒரு லட்சம் நஷ்டம் வந்தால், விகிதப்படி 50,000 ரூபாய்தான் கைக்கு வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தக் கத்தரி இல்லை. காப்பீட்டுத் தொகைக்குள் இருந்தால் நஷ்டம் முழுவதும் கிடைக்கும். இடிபாடுகளை அகற்ற க்ளெய்ம் தொகையில் 2 சதவீதமும், இன்ஜினீயர் கட்டணத்துக்கு 5 சதவீதமும் வரை தனியாக உண்டு. கேட்கிறவர்கள்தான் குறைவு. கடன் பாக்கி இருந்தால் காசோலை வங்கியின் பெயருக்குப் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? 2024 ஜூனில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அது வந்த ஏழு நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குறைத்து மதிப்பிட்டிருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். சர்வேயர் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று 2009-ல் ஒரு லாரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நிறுவனத்துக்குப் புகார் எழுதி ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த இடம் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு இடமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் கைவிரித்த ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். தீர்ப்பைப் பாலிசிதாரர் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் மீற முடியாது, 30 நாளில் நிறைவேற்றியாக வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் இந்த அலுவலகம் உண்டு. மேற்கு வங்கம், சிக்கிம், அந்தமானில் இருப்பவர்களுக்குக் கொல்கத்தா சித்தரஞ்சன் அவென்யூவில், ஹிந்துஸ்தான் பில்டிங் அனெக்ஸ் ஏழாவது மாடியில். 1907-ல் ஜோராசாங்கோ தாகூர் மாளிகையின் ஓர் அறையில் தொடங்கிய ஹிந்துஸ்தான் கோ-ஆபரேட்டிவ் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கட்டடம் அது. மனுவோடு பாலிசி நகல், க்ளெய்ம் படிவம், நிறுவனத்தின் பதில், சர்வேயர் அறிக்கை, படங்கள் இவை போதும்.