மூன்றாவது சிலிண்டர்

'மசல் கார்' என்று நான் வாய் திறந்தாலே எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள். படத்தில் பார்த்த அமெரிக்க முஸ்டாங் எங்கே, வாசலில் நிற்கும் 1987-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா எங்கே என்பது அவர்கள் கேள்வி. ஆனால் அந்த வகைக் கார் பிறந்த கதையைச் சொன்னால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். 1964-இல் போன்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காருக்குள், பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 389 கன அங்குல வி8 எஞ்சினைத் தூக்கி வைத்தது. நம் கணக்கில் 6.4 லிட்டர். அந்தக் காருக்கு ஜிடிஓ என்று பெயர். சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், இளைஞர்களுக்கு எட்டுகிற விலை. சூத்திரம் இவ்வளவுதான்.

நம்மூர்ப் பையன்கள் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருப்பதும் அதைத்தானே? ஒரு டன்னுக்கும் குறைவான பழைய சாகாவில் சத்ரியா ஜிடிஐ-யின் 1.8 எஞ்சினை இறக்குவது. இல்லையென்றால் ஜப்பானில் கழித்துவிட்ட கார்களின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் கொண்டுவருகிறார்களே, அந்த 'ஹாஃப் கட்' கடையில் ஒரு டர்போ எஞ்சின் வாங்கி மாட்டுவது. ஆறு லிட்டர் காருக்கு ரோட்டெக்ஸ் கட்ட நம்மில் யாரால் முடியும்? என் சாகா 1.5-க்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. ஆகவே நம் மசல் கார் இதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மிச்சப் பேர் சிரிக்கட்டும்.

சாகா 1985 ஜூலையில் வெளிவந்தபோது எனக்குப் பிறப்பே இல்லை. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாக வைத்துச் செய்த கார் என்பதும், 1.3 முதலில் வந்து 1.5 பின்னால் வந்தது என்பதும் படித்துத் தெரிந்துகொண்டதுதான். என் கார் தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் வாங்கியது. காலை நிகழ்ச்சி செய்கிறவள் என்பதால் விடியற்காலை நாலே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் சாலையில் நானும் காய்கறி லோரிகளும்தான். கார் வழியில் படுத்துவிட்டால் ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது சாகாவில்தான் போவது என்று வைத்திருப்பதால், என் பொழுதுபோக்கு என் பிழைப்போடும் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

வாங்கிய மூன்றாவது மாதம் கார் நடுங்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் கண்ணாடியில் பின்னால் நிற்கும் காரின் விளக்கு ஆடுகிறது. மேட்டில் மூச்சு வாங்குகிறது. முதலில் காட்டிய பட்டறையில் எஞ்சினைத் திறக்கவில்லை, எதையும் வைத்து அளக்கவில்லை. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "எஞ்சின் போயிடுச்சு, ஹாஃப் கட் மாத்திடுங்க, எல்லாம் சேர்த்து 6,500 வெள்ளி" என்றார்கள். கூடவே வந்த என் சித்தி மகன், வயது இருபத்திரண்டு, கண் அப்படியே மின்னியது. "அக்கா, டர்போவே போட்டுடலாங்கா!"

நான் போட்டுவிடவில்லை. 6,500 வெள்ளி என்பது பிடிபிடிஎன் கடனைக் கட்டிக்கொண்டே மூன்று வருடம் சேர்த்த பணம். அதைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு காது கேட்கட்டும் என்று தோன்றியது. அப்படித்தான் ரவாங் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். நம் வழக்கில் மெக்கானிக் என்றால் 'போர்மன்'தானே? இந்தப் போர்மன் அங்கிளுக்கு அறுபத்தெட்டு வயது. கம்ப்யூட்டர் கிடையாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கிறார். டாக்டர் குழாய் வைப்பதுபோல. ஒலிப்பதிவு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரைச்சல் எந்தக் கம்பியிலிருந்து வருகிறது என்று தேடிப் பழகிய எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

"கழட்டும்மா பிளக்கை" என்றார். என்னைத்தான். அவர் கை வைக்கவில்லை.

ஸ்பார்க் பிளக் என்பது எஞ்சினின் நாக்கு. அதைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். இளம் பழுப்பு நிறம் என்றால் பெட்ரோலும் காற்றும் சரியாக எரிகின்றன. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். என்னுடைய நான்கில் மூன்று ஒரே நிறம். மூன்றாவது மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது.

அடுத்து, பிளக் இருந்த துளையில் அழுத்தமானியைச் செருகி, எரிபொருள் தட்டை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். சிலிண்டர் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று முள் காட்டும். முதல் சிலிண்டர் 165, இரண்டாவது 160, நான்காவது 163. மூன்றாவது 118. நாலு பேர் தூக்க வேண்டிய பல்லக்கில் ஒருவர் சும்மா கூட நடந்து வருகிறார் என்று அர்த்தம். கார் நடுங்காமல் என்ன செய்யும்?

இங்கேதான் அங்கிள் ஒரு வேலை செய்தார். அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடியும் அளந்தார். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், முள் ஏறும். ஏறினால் பெரிய செலவு. ஏறவில்லை. அப்படியானால் காற்று கீழே ஒழுகவில்லை, மேலே வால்வு வழியாக ஒழுகுகிறது. வால்வு மூடியைக் கழற்றி, தகட்டுக் கேஜை நுழைத்துப் பார்த்தார். புகை வெளியேறும் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தாக வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது என் காருக்கு அது 0.25 மில்லிமீட்டர். மூன்றாவதில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இடைவெளியே இல்லை. அதனால் வால்வு முழுதாக மூடாமல், கதவிடுக்கில் செருப்பு மாட்டிக்கொண்டது மாதிரி லேசாகத் திறந்தபடியே கிடந்திருக்கிறது. இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் அந்த இடுக்கு வழியே பாயும் நெருப்பு வால்வின் விளிம்பைத் தின்றிருக்கும். அப்போது பட்டறைக்காரர்கள் சொன்னது கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகியிருக்கும்.

எட்டு வால்வுக்கும் இடைவெளி வைத்தோம். சூடான எஞ்சின்மேல் குனிந்து, ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், நடுவில் தகடு. தகடு வெண்ணெயில் கத்தி மாதிரி போகக்கூடாது, மணலில் போகிற மாதிரியும் போகக்கூடாது என்றார். நூறு தடவை செய்தால்தான் கைக்குப் பிடிபடும் ஒன்று அது. நட்டை இறுக்கும்போது திருகு கூடவே திரும்பிவிடும். மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணி நேரம் ஆனது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அளந்தால், மூன்றாவது சிலிண்டர் 155.

அங்கிள் வாங்கியது 80 வெள்ளி. ஒரு தே தாரிக்.

இதை வாசிக்கும் யாருக்காவது பழைய கார்மேல் ஆசை இருந்தால், வேலையை அவர் செய்யும் வரிசை முக்கியம். வால்வு இடைவெளி முதலில். பிறகு இக்னிஷன் டைமிங், அதாவது பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்பது. பொறி சீக்கிரம் விழுந்தால் மேட்டில் 'டிக் டிக்' என்று நாக்கிங் கேட்கும், பிஸ்டனுக்கு ஆபத்து. தாமதமாக விழுந்தால் கார் சோம்பும், எஞ்சின் சூடேறும். கார்புரேட்டர் கடைசியில்தான். ஆனால் புதிதாக வருகிற எல்லாருடைய கையும் முதலில் போவது கார்புரேட்டர் திருகுக்குத்தான், கண்ணுக்கு நேராக இருப்பதால். வால்வு கோளாறை வைத்துக்கொண்டு கார்புரேட்டரைத் திருகுவது, பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும்போது நாம் ஒலிக்கலவை மேசையில் பொத்தான் தள்ளுவதற்குச் சமம். சத்தம் மாறும், பாட்டு சரியாகாது.

சரி, சித்தி மகனுக்கு வருகிறேன். அவன் ஆசை இன்னும் டர்போவில்தான் இருக்கிறது. சொந்தமாக ஒரு சாகாவும் வாங்கிவிட்டான், என்னுடையதைவிட மோசமான நிலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கிளிடம் கூட்டிப்போனேன். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார்.

"தம்பி, இந்த டிஸ்க் எந்த எஞ்சினுக்குச் செஞ்சது?"

"1.3-க்கு அங்கிள்."

"நீ என்ன போடப் போற?"

பையன் பேசவில்லை. சாகாவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வேகம் கூடக்கூட நிறுத்த வேண்டிய ஆற்றல் நேர்க்கணக்கில் ஏறுவதில்லை. 80 கிலோமீட்டரில் போகும் காரை நிறுத்துவதைவிட 110-இல் போகும் அதே காரை நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்கியாக வேண்டும். போன்டியாக்காரர்களுக்கும் இதே கதைதான். 1964 ஜிடிஓவுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். கேட்டவர்களுக்கு முன்சக்கர டிஸ்க் கொடுக்க 1967 ஆனது. சக்தி முதலில் வருகிறது, புத்தி மூன்று வருடம் கழித்து.

டயரையும் காட்டினார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. அவனுடையதில் 1412. அதாவது 2012-இன் 14-ஆவது வாரம். பூ இன்னும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் மரக்கட்டையாகிவிட்டது. பிரேக் எண்ணெய் கோப்பி நிறம். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய், கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால், மிதிகட்டை அப்படியே தரை வரை போகும்.

சட்டமும் இருக்கிறது. எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனை வேண்டும், பதிவில் எஞ்சின் எண் மாற வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. விற்கப்போகும் நாளில் எண் ஒத்துப்போகாமல் நிற்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. விபத்து நடந்த பிறகு, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் கையை விரித்தால், அடிபட்ட எதிர்க்கார் குடும்பத்துக்கு யார் என்ன சொல்வது? எத்தனை தாய்மார்கள் இந்தப் பத்தியை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பையன் கார் சத்தமாக இருக்கிறது என்று திட்டுகிறீர்கள். சத்தத்தை விடுங்கள், பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினான் என்று கேட்டுப் பாருங்கள்.

சித்தி மகன் டர்போவை விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய். தள்ளி வைத்திருக்கிறான். வீராவின் பெரிய முன் டிஸ்க்கும் அதற்கேற்ற ரிம்மும் தேடிக்கொண்டிருக்கிறான், நான்கு டயரும் பிரேக் குழாயும் வாங்கியாயிற்று. "இதெல்லாம் முடிஞ்சதும் எஞ்சின் போடலாம்ல அங்கிள்?" என்று கேட்டான்.

"முடியட்டும்" என்றார் அவர்.

அங்கிளின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கொட்டகைக்கு அடுத்த வருடம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, அதன்பின் புதுப்பிக்கப் போவதில்லையாம். ஆகவே இப்போதெல்லாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே போய்விடுகிறேன், ஒலிப்பதிவுக் கருவியோடு. நன்றாக ஓடும் எஞ்சின், நாக்கிங், வால்வு சத்தம், பெல்ட் கீச்சு என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறேன், அவர் விளக்கத்தையும் சேர்த்து. இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. அடுத்த சம்பளத்தில் என் காருக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். அதை நான் தனியாகக் கழற்ற வேண்டுமாம், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாராம்.