பெண்மை பிறவிக் குணமா?

பெண்ணுக்கு அச்சமும் அடக்கமும் இயற்கை, ஆணுக்கு ஆட்சியும் துணிவும் இயற்கை என்று நம்மவருள் பெரியோர் எனப்படுவோர் பலர் இன்றும் சாதித்து வருகின்றனர். படித்தவரும் அதற்குத் தலையசைக்கின்றனர். உடலில் வேற்றுமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், “நான் இன்னார், என்னால் ஆவது இவ்வளவு” என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம் கருவிலே உருவாவதன்று. வீடும் ஊரும் கூலியும் சட்டமும் சேர்ந்து புகட்டுவது. சமூகவியலார் கூறும் இவ்வுண்மைக்குச் சான்று தேடி மேனாடு செல்ல வேண்டுவதில்லை. நம் மலாயாத் தோட்டங்களே போதும்.

1920களின் இறுதியில் இந்தியக் குடியேற்றக் குழு தோட்டத் தொழிலாளர்க்கு நாட்கூலி வகுத்தபோது, போக்குவரவு எளிதான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்தது. விடியுமுன் பிரட்டுக்கு இருவரும் நின்றனர். ஒரே பால்மரக் காட்டில் இருவரும் நிரை பிடித்து, மங்கு துடைத்து, வாளி சுமந்தனர். லயத்திற்குத் திரும்பியதும் ஆண் சாய்ந்தான்; பெண் அடுப்பு மூட்டினாள், தண்ணீர் சுமந்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். இதற்குக் கூலியுமில்லை, பேருமில்லை.

அந்தப் பத்துக் காசு வெறும் பணக் குறைவா? அன்று. “நீ முழு ஆள் அல்ல” என்று சம்பள நாள்தோறும் அவளுக்குப் படித்துக் காட்டிய பாடம் அது. ஆணுக்கும் அது பாடமே. துரைக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்றவனுக்கு, தனக்குக் கீழும் ஓர் ஆள் உண்டென்ற பொய்ப் பெருமையை அது ஊட்டிற்று. அவன் தன் அடிமைத்தனத்தை மறப்பதற்கான போதை கள்ளுக்கடையில் மட்டும் கிடைக்கவில்லை என்க.

அச்சம் பிறவிக் குணமாயின், 1943ஆம் ஆண்டு நிகழ்ந்ததற்கு என்ன விடை? அவ்வாண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவருள் பலர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிய கை சில திங்களில் துப்பாக்கி ஏந்தப் பழகிற்று. பிறவிக் குணம் சில திங்களில் மாறுமா? மாறியது குணமன்று, அவர்களிடம் பிறர் எதிர்பார்த்தது மாறிற்று. 1945ஆம் ஆண்டு படை கலைந்தது. அப்பெண்கள் கற்ற பாடத்தை நம் வீடுகள் கற்கவில்லை.

“தோட்டங்கள் பல அழிந்தன, பெண்கள் படித்து உத்தியோகம் பார்க்கின்றனர், இனி என்ன குறை?” என்பர் சிலர். 1957ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி குடியுரிமை அளித்தது; மலேசியத் தாய்க்கு அங்ஙனம் பிறந்த பிள்ளைக்கு அவ்வுரிமையை அளிக்கவில்லை. அதைத் திருத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2024ஆம் ஆண்டில்தான். பெற்றவளே பிள்ளைக்கு நாடு கொடுக்க வல்லவளல்லள் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது 67 ஆண்டு!

சட்டம் திருந்த அத்தனை காலமாயின், வீடு திருந்த எத்தனை காலம்? “பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சிரிப்பு?” என்று மகளை அதட்டுகிறோம். “பொட்டைப் பிள்ளை போல் அழாதே” என்று மகனை அடக்குகிறோம். ஒருத்தியின் சிரிப்பையும் ஒருவனின் கண்ணீரையும் பறித்துவிட்டு, அதற்கு இயற்கை என்று பெயரிடுகிறோம்!

தோழர்களே! மேடையேறிப் பெண்ணுரிமை பேசிவிட்டு, உண்ட தட்டை மகள் எடுக்கக் காத்திருப்பவர் யாராயினும் அவர் சீர்திருத்தக்காரர் அல்லர். மகன் அடுப்படிக்குச் செல்லட்டும். மகள் குடும்பக் கணக்கையும் சொத்துப் பத்திரத்தையும் பார்க்கட்டும். இன்றிரவே இதைத் தொடங்கலாம். இதற்குத் தீர்மானமும் வேண்டாம், மாநாடும் வேண்டாம்.