முதலில் கையை அளந்து பாருங்கள்

"பி.பி. மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், எந்தக் கம்பெனி நல்லது?" இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "யாருக்காக வாங்குறீங்களோ, அவங்க மேல்கையோட சுற்றளவு எவ்வளவு?" பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. செருப்பு அளவு தெரியும், சட்டை அளவு தெரியும். மேல்கையின் அளவு ஜாக்கெட் தைக்கும் டெய்லரின் நோட்டில் இருப்பதோடு சரி. ஆனால் அந்த மெஷின் காட்டப்போகும் எண்ணை நம்பலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தச் சுற்றளவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. புளூடூத், குரல் அறிவிப்பு, செல்போன் ஆப் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எதையும்விடப் பெரிய பங்கு.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1896இல் இத்தாலியின் டூரின் நகரில் ஷிப்பியோனே ரீவா ரோச்சி என்ற மருத்துவர் மேல்கையைச் சுற்றிக் காற்றடைத்த பட்டை ஒன்றைக் கட்டி, அதைப் பாதரசக் குழாயோடு இணைத்து ரத்த அழுத்தத்தை அளந்தார். அதற்கு அவர் சைக்கிள் டியூபைத்தான் பயன்படுத்தினார். இன்று உலகம் முழுக்க நம் கையில் மாட்டுகிற பட்டைக்கு அதுதான் மூதாதை. ஆனால் அதன் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். 1901இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் ஃபான் ரெக்லிங்ஹௌசன் அதிலிருந்த கோளாறைச் சுட்டிக்காட்டினார். பட்டை குறுகலாக இருந்தால் அதன் அழுத்தம் சதையைத் தாண்டி, ஆழத்தில் ஓடும் தமனிவரை முழுதாகப் போய்ச் சேராது. தமனியை நசுக்கக் கூடுதலாகக் காற்றடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் காற்றெல்லாம் நோயாளியின் ரத்த அழுத்தமாகக் கணக்கில் ஏறிவிடும். அவர் பட்டையை இரண்டு மடங்குக்கும் மேல் அகலமாக்கினார்.

நான்கு ஆண்டு கழித்து, 1905இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் கொரோட்கோவ் என்ற இளம் அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காற்றை இறக்கும்போது ஓசைகள் கேட்பதையும், ஓசை தொடங்கும் இடமும் மறையும் இடமும் இரண்டு அழுத்தங்களைக் காட்டுவதையும் அறிவித்தார். அந்த அறிக்கை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதன் பிறகு நூறாண்டுக்கு மருத்துவ உலகம் அதைக் கொண்டுதான் நடந்தது. பாதரசக் கம்பம், ரப்பர் பல்பு, காதில் ஸ்டெதஸ்கோப் என்று நம் நினைவில் இருக்கிற டாக்டரின் உருவம் அங்கிருந்து வந்தது.

இப்போது அந்தப் பாதரசக் கம்பம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பாதரசம் நஞ்சு. அதைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசக் கருவிகளின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லியது. அந்த இடத்துக்கு வந்திருப்பதுதான் பட்டனைத் தட்டினால் தானே வேலை செய்கிற டிஜிட்டல் கருவி. 1970களில் மேனார்ட் ராம்சே என்ற அமெரிக்கர் டைனமேப் என்ற பெயரில் மருத்துவமனைகளுக்காக உருவாக்கியது இதன் முன்னோடிகளில் முக்கியமானது.

இது எப்படி அளக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டனைத் தட்டியதும் மோட்டார் ஓடிப் பட்டை இறுகுகிறது. மேல்கைத் தமனி நசுங்கி, ரத்த ஓட்டம் நிற்கிறது. பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஒரு கட்டத்தில் ரத்தம் முண்டியடித்துக்கொண்டு நுழைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனிச் சுவர் விரிந்து சுருங்க, அந்த அசைவு பட்டைக்குள் இருக்கும் காற்றில் மெல்லிய அதிர்வாகப் பதிகிறது. அதிர்வு சிறிதாகத் தொடங்கி, வளர்ந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு தேய்ந்து மறைகிறது. உச்சத்தைத் தொடும் நொடியில் பட்டையில் இருக்கும் அழுத்தம், தமனியின் சராசரி அழுத்தத்தை ஒட்டியிருக்கும். மெஷின் நேரடியாகப் பிடிப்பது இதை மட்டும்தான். திரையில் பெரிதாகத் தெரிகிற மேல் எண், கீழ் எண் இரண்டும் அந்த அதிர்வின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தவை. கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஒரே கையில் இரண்டு மெஷின்கள் இரண்டு விதமாகக் காட்டுவதற்கு இது ஒரு காரணம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தடுமாறும் என்பதும் இதனால்தான்.

இதைச் சொல்வது கருவியைக் குறை சொல்வதற்காக அல்ல. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிறவரின் காது மந்தமாக இருக்கலாம். எண்ணை ஐந்திலும் பூஜ்யத்திலும் கொண்டுபோய் முடிக்கிற பழக்கம் இருக்கலாம். மெஷினுக்கு அந்தப் பழக்கங்கள் கிடையாது. முறையாகச் சோதித்துத் தேறிய கருவி நல்ல கருவிதான். சர்வதேசத் தர விதிப்படி குறைந்தது 85 பேரிடம் சோதித்து, சராசரிப் பிழை 5 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது என்று காட்ட வேண்டும். அப்படித் தேறியவற்றின் பட்டியலை 'ஸ்டிரைட் பி.பி.' என்ற சர்வதேச அமைப்பு எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தப் பட்டியல்தான்.

ஆனால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் பட்டை பொருந்தாவிட்டால் கணக்கு தப்பு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் பால்டிமோரில் 195 பேரிடம் இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிற கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது, மேல் அழுத்தம் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. 125 இருக்கிற மனிதர் 144 ஆகிவிடுகிறார். இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்க அந்த வித்தியாசம் போதும். பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு 4.8 கூடியது. சிறிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கோ நேர்மாறாக 3.6 குறைந்தது.

இந்தக் கடைசி எண் சிறியதுதான். ஆனால் நம் ஊரில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அதுதான். மெலிந்த கை யாருக்கு இருக்கிறது? நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டிக்கு, பீடி சுற்றுகிற அக்காவுக்கு, காசநோயிலிருந்து எழுந்து வந்தவருக்கு. தொளதொளவென்று சுற்றிய பட்டை அவர்களுக்கு 'எல்லாம் நார்மல்' என்று சொல்லி அனுப்பிவிடும். உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அந்தப் பாதியில் ஏழை உடம்பு எவ்வளவு இருக்கும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பட்டை சரியாக இருந்தும் கை தவறான இடத்தில் இருந்தால் மறுபடி பிழை. கிளினிக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி இது: வரிசையில் நின்றவர் வந்து ஸ்டூலில் உட்காருகிறார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை. முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டை ஏறுகிறது. கை பக்கவாட்டில் தொங்குகிறது. மெஷின் ஓடும்போதே "சாப்பிட்டீங்களா, மாத்திரை தீந்துடுச்சா" என்று விசாரணையும் நடக்கிறது. நர்ஸம்மாவைக் குறை சொல்ல முடியாது, பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். ஆனால் கையைத் தொங்கவிட்டாலே மேல் அழுத்தம் சராசரியாக 6.5 கூடும், மடியில் வைத்தால் ஏறத்தாழ 4 கூடும் என்று அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 2024இல் காட்டினார்கள். பேச்சும் ஏற்றும், நிரம்பிய மூத்திரப்பையும் ஏற்றும். வீட்டில் நமக்கு அவசரம் இல்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்கலாம். காலையும் மாலையுமாக ஒரு வாரம் எழுதிக்கொண்டுபோனால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தாண்டினால் காட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இப்படித்தான் டைரி எழுதுகிறார். ஒருநாள் திறந்து காட்டினார். 168/66, 164/68, 170/66 என்று பச்சை மையில் நேர்த்தியாக எழுதியிருந்தார். "கீழ இருக்கிறது நல்லாத்தானே தம்பி இருக்கு? மேல இருக்கிறது வயசுக்கு ஏத்தது" என்றார். "சார், அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைத்தான் டாக்டர்கிட்ட முதல்ல காட்டணும்" என்றேன்.

அந்த இடைவெளி தமனியின் கதையைச் சொல்கிறது. இளமையில் பெருந்தமனி மீள்தன்மையோடு இருக்கும். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்து கொடுத்து வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். இதயம் ஓய்ந்திருக்கும் நொடியில் சுருங்கி ரத்தத்தை முன்னால் தள்ளும். வயதாக ஆக, சர்க்கரையும் புகையும் உப்பும் சேர, அது வெயிலில் கிடந்த பழைய தோட்டக்குழாய் மாதிரி விறைத்துவிடுகிறது. விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது. சுருங்கித் தள்ளாததால் கீழ் எண் இறங்குகிறது. அதனால் 66 என்ற அந்த எண்ணை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சார் டைரியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கைப்பட்டையைக் கொண்டே தமனியின் நிலையை அறியும் வழிகள் இன்னும் இருக்கின்றன. முதல் தடவை இரண்டு கையிலும் எடுக்க வேண்டும். மேல் அழுத்தம் கைக்குக் கை 15க்கு மேல் வித்தியாசப்பட்டால் எங்கோ தமனி அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்தின் எக்ஸிடர் ஆய்வாளர்கள் 2012இல் லான்செட் இதழில் காட்டினார்கள். கையில் கட்டியதைப் போலக் கணுக்காலிலும் பட்டை கட்டி, கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வரக் கூடாது. வந்தால் காலுக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் காலை இழக்கும் நம் ஊரில் இந்தச் சோதனை இன்னும் பரவலாக வேண்டும். நாள்பட்ட சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறிப் பட்டைக்கு நசுங்காமல் போய், எண் பொய்யாக உயர்ந்து தெரிவதும் உண்டு. அதனால் 1.4க்கு மேல் வந்தாலும் மருத்துவர் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது நாடியலையின் வேகம். விறைத்த தமனியில் அலை வேகமாக ஓடும். கழுத்துத் தமனியிலிருந்து தொடைத் தமனி வரை அளக்கும்போது நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் உருவான 'ஆர்ட்சென்ஸ்' கருவி இந்த வேலைக்காகத்தான். கழுத்தில் ஓர் உணர்கருவி, மேல்கையிலும் தொடையிலும் பட்டைகள் என்று வைத்துத் தமனியின் விறைப்பை அளக்கிறது. நம் மண்ணில் பிறந்த நல்ல முயற்சி.

ஆனால் சந்தையில் வேறொன்றும் வருகிறது. மேல்கையில் ஒரே ஒரு பட்டையைக் கட்டி 'உங்கள் தமனியின் வயது இவ்வளவு' என்று அச்சடித்துக் கொடுக்கிற பரிசோதனை. ஒரே இடத்தில் அளந்துவிட்டு அலை ஓடிய வேகத்தை நேரடியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அப்படிப்பட்ட கருவி ஒன்று தரும் வேகத்தை, அந்த மனிதரின் வயதும் மேல் அழுத்தமும் தெரிந்தாலே கிட்டத்தட்ட முழுதாகச் சொல்லிவிடலாம் என்று 2019இல் 'ஹைப்பர்டென்ஷன்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. வயதும் பிரஷரும் நமக்கு ஏற்கெனவே தெரியும். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இதற்கென்று தனியாகப் பணம் கேட்டால், டாக்டர் எழுதித் தராதவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்துக்குப் பொருத்தமான பட்டை வாங்கலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் பி.பி. மெஷினோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். திண்ணையில் உட்கார வைத்து அளந்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசும் அரைநாள் கூலியும் இழக்க வேண்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கிராமத்தில் இருக்கிறவர்கள் அறிவார்கள். அந்தத் திட்டத்தை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் ஒவ்வொருவரின் பையிலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பட்டைகளும் ஓர் அளவு நாடாவும் இருக்கும்படி செய்யுங்கள். ஒரு குடும்பத்தில் ஒருமுறை அளந்து அட்டையில் எழுதிவைத்தால் போதும், மறுமுறை வருகிறவர் அதைப் பார்த்தே பட்டையை எடுத்துக்கொள்வார்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே டேப்பைச் சுற்றிப் பாருங்கள். பட்டையின் உள்பக்கத்தில் 22-32, 32-42 என்பதுபோல சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும். உங்கள் அளவு அதற்குள் வரவில்லையென்றால் மெஷினை மாற்ற வேண்டாம். அதே கம்பெனியின் வேறு அளவுப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை கிளினிக்கில் உங்கள் கையில் பட்டை ஏறும்போது, "இது என் கைக்குச் சரியான அளவுதானாங்க?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.