குதிரை வாங்க வேண்டாம் என்றேன்

ஏப்ரல் விடுமுறைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்செல்லாம் குதிரையைப் பற்றித்தான். நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் பார்க்கப் போன இடத்தில் வாப்பா ஒரு செந்நிறப் பெண் குதிரைக்கு விலை கேட்டுவிட்டார். பந்தயக் குதிரையைப் போல அது ஒடிசலாக இருக்கவில்லை. அகன்ற முதுகு, தடித்த கால்கள், குளம்பைச் சுற்றிக் குஞ்சம் போல நீண்ட மயிர். பாரவண்டி இழுக்கும் இனத்தையும் சவாரிக் குதிரையையும் கலந்து பிறந்தது என்றார் தரகர். அதற்குக் கடதாசி எதுவும் இல்லை. ஆனாலும் உடம்பைப் பார்த்தால் நம்பலாம் போலிருந்தது. "சாதுவான குதிர மகள், பச்சப்புள்ள மாதிரி" என்றார். அது உண்மைதான். நான் ஏறியபோது அது காதைக்கூட அசைக்கவில்லை.

வாப்பாவுக்குப் பங்கிருந்த மாணிக்கக் குழியில் நல்ல கல் ஒன்று அகப்பட்டிருந்தது. கையில் பணம் இருந்தது. சிறு வயதிலிருந்தே எனக்குக் குதிரை என்றால் உயிர் என்பதும் அவருக்குத் தெரியும். எங்கள் இறப்பர்க் காணியில் கொட்டகை போட இடமும் இருக்கிறது. பிறகு என்ன?

உம்மா எதிர்த்தார். "பொம்புளப் புள்ள குதிர ஏறினா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" இந்தக் காரணத்தை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஓர் அத்தியாயத்தை நாங்கள் சிறு பிள்ளைகளாகவே மனனம் செய்தோம். குதிரையின் நெற்றி மயிரோடு நன்மை பிணைக்கப்பட்டிருப்பதாக நபிமொழி உண்டு. இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிக்கும். ஒழுங்காக உடுத்து, பாதுகாப்பான இடத்தில் ஒரு பெண் குதிரை ஓட்டப் பழகினால் அதில் என்ன குறை? உம்மாவோடு இரண்டு நாள் வாதாடினேன். மூன்றாம் நாள் நானே வேண்டாம் என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கொட்லாந்தின் கிளைட்ஸ்டேல், இங்கிலாந்தின் ஷயர், பிரான்ஸின் பெர்ஷரோன் போன்றவை ஏரும் பாரவண்டியும் இழுக்க வளர்க்கப்பட்ட குளிர்நாட்டு இனங்கள். எதற்கும் எளிதில் மிரளாத குணம் அவற்றுக்கு உண்டு. அந்தக் குணம் வேண்டும் என்பதற்காகவே அவற்றைச் சவாரிக் குதிரைகளோடு கலக்கிறார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு அப்படிப் பிறந்த குதிரை நல்ல தோழன். ஆனால் குணத்தோடு உடம்பும் சேர்ந்து வருகிறது. உடம்பு பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்புக் குறைகிறது, அதனால் உள்ளே உண்டாகும் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். நுவரெலியாவின் குளிரில் அது தெரியாது. இரத்தினபுரியின் புழுக்கத்தில் தெரியும். எங்கள் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. காலைச் சுற்றியுள்ள அந்த அழகான குஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் கீழே தோல் வெடித்துப் புண்ணாகும். எப்போதும் சேற்றில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகும். அட்டையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. 2003இலும் 2017இலும் வெள்ளம் வந்தபோது மனிதரை மேட்டில் ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது என்று வாப்பாவே அடிக்கடி சொல்வார்.

அடுத்தது தீனி. ஒரு குதிரை தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு உலர்ந்த தீனி தின்னும். 600 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 12 கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், ஆகவே நாள்தோறும் 60 கிலோ புல் வெட்ட வேண்டும். "மாட்டுக்கு வெட்டுற கினிப் புல்லத்தானே போடப் போறோம்" என்றார் சாச்சா. அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கினிப் புல்லிலும் நேப்பியர் புல்லிலும் ஒட்சலேற்று என்ற பொருள் உண்டு. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த இரைப்பை இல்லை. புல்லில் உள்ள கல்சியம் உடம்பில் சேராமல் போய், நாளடைவில் எலும்பு நலியும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. பூஞ்சணம் பிடித்த தீனி உள்ளே போனால் வயிற்று வலியிலேயே செத்துப் போகக்கூடும்.

"இதே மழையிலதானே வெள்ளத்தொரமார் தோட்டத்துக்குத் தோட்டம் குதிர வெச்சிருந்தாங்க?" என்று வாப்பா கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் துரைக்குக் குதிரை இருந்தது போல, குதிரைக்கு ஒரு குதிரைக்காரன் இருந்தான், புல் வெட்டவும் ஆள் இருந்தது. துரை இறங்கியதும் கடிவாளத்தைப் பிடித்தவனும், மழையில் நனைந்து கால் துடைத்தவனும், இலாயத்தில் சாணி அள்ளியவனும் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளிதான். துரையின் படத்தில் குதிரை இருக்கும், குதிரைக்காரன் ஓரத்தில் நிற்பான், சில படங்களில் அவனும் இருக்க மாட்டான். எங்கள் வீட்டில் அந்த ஆள் யார்? யோசித்துப் பார்த்தால் உம்மாதான். எனக்கு வயது 17. குதிரை 25 ஆண்டு வாழக்கூடியது. நான் பல்கலைக்கழகம் போவேன், இன்ஷா அல்லாஹ், பிறகு கலியாணமும் நடக்கும். குதிரை ஏறுவதை விரும்பாத உம்மா தலையில்தான் கடைசியில் 60 கிலோ புல்லும் விழும்.

இந்தத் தவறு நம் மக்களுக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்கள் கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கினார்கள். காயல் துறையில் அவை வந்து இறங்கின. விற்றவர்கள் அரபு, பாரசீக முஸ்லிம் வணிகர்கள். கீஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் தம் சொந்தப் பண்ணையிலிருந்தே ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அவ்வளவு குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியவில்லை, குளம்பைப் பார்க்கும் லாடக்காரர் இல்லை, இறைச்சி கலந்த சோற்றைத் தீனியாகப் போட்டார்கள். லாடக்காரர்கள் அங்கே போய்விடாதபடி வணிகர்களே தடுத்தார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்றும் எழுதுகிறார். பயணிகள் சொல்வதில் மிகை இருக்கலாம். நம் சமூகத்தின் பெருமையாகக் குதிரை வணிகத்தைப் பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

இரத்தினபுரியில் குதிரைக் குளம்பு சீவத் தெரிந்தவர் யார் என்று தரகரிடம் கேட்டேன். ஆறேழு கிழமைக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை அது. "அது பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பதிலில்தான் என் ஆசை உடைந்தது.

சாது என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது குதிரை சாதுவா என்பதைத்தான். குதிரை இரையாகும் இனத்துப் பிராணி, காட்டில் வலியை வெளிக்காட்டினால் புலி வந்துவிடும். ஆகவே இயல்பிலேயே அது வலியை மறைக்கும். சாதுவான குதிரை இன்னும் மறைக்கும். முரட்டுக் குதிரை உதைத்தாவது சொல்லிவிடும். தன் எசமான் பட்டினி போட்டு வேலை வாங்குகிறார் என்று ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களிடம் கண்ணீரோடு முறையிட்ட செய்தி ஹதீஸில் வருகிறது. எங்கள் காணியில் அந்தச் செந்நிறக் குதிரை யாரிடம் போய்ச் சொல்லும்? குதிரை ஒருவருக்கு நன்மையாகவும், ஒருவருக்குத் திரையாகவும், பெருமைக்காக வைத்திருப்பவருக்குப் பாவச் சுமையாகவும் அமையும் என்றும் ஒரு நபிமொழி உண்டு. படம் எடுத்துப் போட வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அதை மறைத்து இதை எழுத முடியாது.

குதிரையே வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்ந்த தரை, நல்ல வைக்கோல், துணைக்கு இன்னொரு குதிரை, நியாயமான சம்பளத்துக்கு ஒரு பராமரிப்பாளர், கூப்பிட்டால் வரக்கூடிய மிருக வைத்தியர், இவையெல்லாம் உள்ள வீட்டார் வாங்கட்டும். எங்களிடம் பணம் மட்டும்தான் இருந்தது.

"நாம வாங்காட்டி அது அங்கயே நாள் முழுக்க ஆக்களச் சுமந்துக்கிட்டுத்தானே நிக்கப் போகுது?" என்று தம்பி கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு இரவு சரியாகத் தூங்கவும் இல்லை.

டிசம்பர் விடுமுறையில் மறுபடியும் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். அது அங்கே நின்றால், ஏறுவதற்கு முன் அதன் காலைத் தூக்கிக் குளம்பைக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.